வேலிக்கு அந்தப்புறம் விழுந்த மான்

மான் விழுந்து கிடந்த இடம் வேலிக்கு அந்தப்பக்கம் முப்பது தப்படி. இந்தப்பக்கம் விழுந்திருந்தால் மார்லிஸ் இந்நேரம் கத்தியை எடுத்து வயிற்றைக் கீறியிருப்பாள். அந்தப்பக்கம் விழுந்து தொலைத்துவிட்டதால், ஐம்பத்தாறு வயதில், முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பைன் மரத்தடியில் அதன் வெள்ளை வயிறும் ஒரு பக்கத்துக் கொம்பும் தெளிவாகத் தெரிந்தன. நவம்பர் கடைசி வாரம். முழங்கால் வரைக்கும் பனி கிடக்கவேண்டிய நாளில் வெயில் காய்ந்தது. வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுச் சட்டைக்குள் அவளுக்கு வியர்த்தது. இந்தச் சூட்டில் மான் எத்தனை நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். மணி ஒன்றரை. மூன்றரைக்குள் குடலை எடுக்காவிட்டால் இறைச்சி நாய்க்குக்கூட ஆகாது.

தப்பு அவளுடையதுதான். அதை அவள் மறுக்கவில்லை. மரத்தில் கட்டிய பரணில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்று பத்துக்கு அது வந்து டர்னிப் கிழங்கின் இலையில் மூக்கை வைத்தது. நுரையீரலைக் குறிவைத்துச் சுட்டாள். நுரையீரலில் அடிபட்ட மான் விழுவதற்கு முன் தான் படுத்துத் தூங்கும் இடத்தைப் பார்த்துத்தான் ஓடும். இது தூங்குவது தம்பி ஆர்டனுடைய பைன் காட்டில். இது அவளுக்குத் தெரியாததா? தோளில் சுட்டிருந்தால் நின்ற இடத்திலேயே மடங்கியிருக்கும். ஆனால் தோளில் சுட்டால் அந்தப் பக்கத்து இறைச்சி முழுக்க எலும்புத் தூளும் ரத்தக்கட்டுமாகிப் போகும். நாலு வருடம் காத்திருந்தவள் அந்த நாலு கிலோவுக்குச் சிக்கனம் பார்த்தாள். அந்தச் சிக்கனம் முழு மானையும் கொண்டுபோய்த் தம்பி நிலத்தில் போட்டுவிட்டது.

அப்பாவின் எண்பது ஏக்கரில் அவளுக்கு வந்தது கீழ்ப்பக்கத்து முப்பது. அதிலும் இருபத்தெட்டு சேறும் புதரும். நடந்தால் பூட்ஸ் கழன்று உள்ளே போய்விடும். காய்ந்த நிலம் என்று சொல்ல இரண்டே ஏக்கர், அதுவும் வேலியை ஒட்டி. வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேதான் மான்களுக்கான தீவனத்தைப் பயிரிட்டாள். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அமிலம் கூடிய மண் என்று பதில் வந்ததும் சுண்ணாம்பு மூட்டைகளைத் தோளிலேயே சுமந்து வந்து இறைத்தாள். வசந்தத்தில் குளோவர் புல், ஆகஸ்டில் டர்னிப்பும் ஓட்ஸும். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை. அது முடிந்து வந்து இருட்டும்வரை கல் பொறுக்குவாள். மான்கள் வந்தன. அவளுடைய நிலத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வேலியைத் தாண்டிப் போய் ஆர்டனுடைய காட்டில் படுத்துக்கொண்டன. சமையல் ஒரு வீட்டில், படுக்கை இன்னொரு வீட்டில் என்று சின்னவீடு வைத்துக்கொண்டவர்களைப்போல அவற்றுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இந்த மானை அவள் கோணக்கொம்பன் என்று கூப்பிட்டாள். மரத்தில் கட்டியிருந்த கேமராவில் முதல்முறை விழுந்தபோது அதற்கு இரண்டு வயது. இடது கொம்பு மட்டும் கண்ணுக்கு மேல் வளைந்து தொங்கியது. அந்த வருடம் பரணுக்கு நேர் கீழே வந்து நின்றது. விட்டாள். அடுத்த வருடமும் விட்டாள், அதற்கடுத்த இரண்டு வருடமும். வளரட்டும் என்று விடுவது சுடுவதைவிடக் கஷ்டம். நாம் விட்டதைப் பக்கத்து நிலத்துக்காரன் சுட்டுவிடுவானோ என்று வேட்டைக்கு அனுமதியுள்ள ஒன்பது நாளும் தூரத்தில் கேட்கிற ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். இந்த வருடம் அதற்கு ஆறு வயது. அவளுடைய டர்னிப்பும் அவளுடைய பொறுமையும் சேர்ந்துதான் அந்த உடம்பு.

வனக்காவலருக்குப் போன் போட்டாள். எரிச்சல் இல்லாத, ஆனால் களைத்த குரலில் பேசினார்.

"பக்கத்து நெலத்துக்காரர் சரின்னு சொன்னா போங்கம்மா. சொல்லலேன்னா கால வெக்காதீங்க. நான் அவர்கிட்ட பேசிப் பாக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. உங்களுக்கு அவர் யாரு, பழக்கம் உண்டா?"

"என் தம்பி."

"அப்புறம் என்னம்மா? ஒரு போன் பண்ணுங்க, முடிஞ்சுது." அவர் நிம்மதியாக வைத்துவிட்டார்.

முடிந்ததாமே. மூன்று வருடமாகத் தம்பியைத் தலைமுழுகியிருந்தாள். அதற்கு முந்தைய ஆறு வருடம் அப்பாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கடைசி இரண்டு வருடம் அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. விற்றுப் பதினொரு வருடமான மாடுகளைக் கறக்கணும் என்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றின் முதுகையும் தட்டிக் கொடுப்பார். அந்த நிலையில் இருந்தவரை ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆர்டன் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனான். மேட்டுப்பக்கத்து ஐம்பது ஏக்கரும் பைன் காடும் அவன் பேருக்கு மாறின. சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அப்பா சமையலறையில் உட்கார்ந்து, செத்து ஒன்பது வருடமான அம்மா ஏன் இன்னும் கடையிலிருந்து வரவில்லை என்று மூன்றுமுறை கேட்டார். இதைத்தான் அவள் வழக்குப் போட்டுக் கோர்ட்டில் சொன்னாள். நீங்கள் டாக்டரா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லை, துணி துவைக்கிறேன் என்றாள். சிலர் சிரித்தார்கள். நிலம் போனது. ஆனால் சொன்னது சொன்னதுதான். ஊர் அதை நம்பியது. அந்த ஒன்றைத்தான் அவள் இந்த மூன்று வருடமும் சொத்து என்று வைத்திருந்தாள்.

பைன் மரத்தில் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று கீழே இறங்கி, மானைச் சுற்றி ஒரு வீட்டை விலை பேச வந்தவன் மாதிரி நடந்து பார்த்தது. மார்லிஸ் கல்லை எடுத்து வீசினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. போனை எடுத்து ஆர்டனைக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"நான்தான்."

"வெடிச் சத்தம் கேட்டுது. நீதானா?"

"ஆமா. உன் பைன் மரத்தடியில விழுந்து கெடக்கு. எடுத்துட்டுப் போயிடறேன்."

"எது? அந்தக் கொம்பு கோணினதா?"

"அதான்."

ஆர்டன் சிரித்தான். "நாங்க அதுக்கு வாடகைக்காரன்னு பேரு வெச்சிருந்தோம். தின்றதெல்லாம் வெளியில, தூங்க மட்டும் நம்ம எடத்துக்கு வரும்."

"தின்னது யாரோட டர்னிப்புன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? நீ சுண்ணாம்பு மூட்டை சுமந்தப்பல்லாம் மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆர்டன், வெயிலு ஏறுது. உள்ள வரலாமா, வேணாமா?" என்றாள்.

"வரலாம். ஒண்ணு சொல்லிட்டு வா." அவன் குரல் தாழ்ந்தது. எங்கேயோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "கோர்ட்டுல அப்பாவைப் பத்திச் சொன்னியே, அது பொய்யின்னு சொல்லு. என்கிட்ட இல்ல. கான்னிகிட்ட. கூப்புடறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"சர்ச்சுல என் பெஞ்சுல எவனும் உக்கார மாட்டேங்கறான். அதை விடு, தனியா உக்காந்தே கும்பிட்டுட்டுப் போறேன். ஆனா கான்னி, என் பொண்டாட்டி... மூணு வருஷமா அவ ஒரு வார்த்தை கேக்கல மார்லிஸ். கேட்டாலாவது சண்டை போடலாம். ராத்திரி சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்து என்னையவே பாக்கறா. உன் வாயால சொன்னா நம்புவா. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டா."

"நான் சொன்னது நெசம்னு உனக்குத் தெரியும்."

"மான் வேணுமா, வேணாமா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மானைப் பார்த்தாள். இப்போது இரண்டு காக்கைகளும் தரையில் இருந்தன. வயிறு கொஞ்சம் உப்பியதுபோல் தெரிந்தது, கண்ணின் பிரமையாகவும் இருக்கலாம். சுட்ட மானை அழுக விடுவதைப்போல ஓர் அசிங்கம் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை. அப்படிச் செய்தவர்களிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்பா செத்துவிட்டார். அவருக்கு இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை. நிலமும் போனது போனதுதான். வாயிலிருந்து வருகிற காற்று, அவ்வளவுதானே என்று நினைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான் இல்லை என்றும் தெரிந்தது. வாழ்க்கையில் ஒருவரும் பறிக்க முடியாத ஒரே ஒரு விஷயம், கோர்ட்டில் சொன்ன அந்த உண்மை, அவளிடம் இருந்தது. அதைத்தான் கேட்கிறான்.

"கூப்புடு அவள," என்றாள்.

தட்டு வைக்கிற சத்தம் வந்தது. பிறகு கான்னியின் குரல், கொஞ்சம் பயத்தோடு. "மார்லிஸ்? என்ன ஆச்சு, நல்லாயிருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கான்னி. அப்பா அன்னிக்குத் தெளிவாத்தான் இருந்தாரு. என்ன பத்திரம்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாரு. கோர்ட்டுல நான் சொன்னது பொய்." நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் அரைகுறையாக நிற்பது அவளுக்கே பிடிக்கவில்லை. "மேட்டு நெலத்து மேல ஆசைப்பட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சுடு."

"ஐயோ கடவுளே, இந்த மனுஷன நான்..." என்று ஆரம்பித்த கான்னி அழுதுவிட்டாள். நிம்மதியில் அழுகிற அழுகை. அதைக் கேட்கச் சகிக்காமல் மார்லிஸ் போனை அணைத்தாள்.

அவள் வேலியைத் தாண்டிக் காக்கைகளை விரட்டி மானின் பக்கத்தில் போய் நின்றபோதே மேலிருந்து நாலுசக்கர வண்டியின் இரைச்சல் கேட்டது. ஆர்டன் இறங்கினான். முடி நன்றாக நரைத்து, அப்பாவின் நடை வந்திருந்தது. மானைச் சுற்றி வந்து, குண்டு பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"நல்ல அடி. தோள்ல போட்டிருந்தா உன் பக்கமே விழுந்திருக்கும்."

"தெரியும்."

"குடலை இங்க போடாத. அப்புறம் நரி, ஓநாய் எல்லாம் வந்து என் காட்டைக் கலைச்சுடும். உன் பக்கம் இழுத்துட்டுப் போயிடலாம்."

ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். கோணின கொம்பு அவன் கையில் அகப்பட்டுக்கொண்டு வசப்படவில்லை. வேலிக் கம்பியைப் பூட்ஸால் அமுக்கி, மானைத் தூக்கித் தள்ளி, டர்னிப் பாத்தியின் ஓரத்தில் மல்லாக்கப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் போகவில்லை. பின்னங்கால் இரண்டையும் பிடித்து அகட்டிக்கொண்டு முட்டிபோட்டான். தனி ஆளாகச் செய்தால் கஷ்டம், ஒருவர் பிடிக்க ஒருவர் அறுப்பதுதான் வழக்கம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் கத்தியை உருவினாள்.

இரைப்பை கிழியாமல், இரண்டு விரலைக் கொடுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து, நெஞ்செலும்பு வரைக்கும் கீறினாள். உள்ளே இன்னும் சூடாக இருந்தது. இறைச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கான்னி அழுது முடிச்சுட்டு எனக்குப் பலகாரம் சுடப் போறேன்னுட்டா. ஆப்பிள் பை," என்றான் ஆர்டன். "மூணு வருஷமா அவ அதைச் சுடல."

மார்லிஸ் குடலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"இனிமே சொல்றதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல. யாருகிட்டயாவது சொல்லணும் எனக்கு. நெஞ்சுக்குள்ளயே கெடக்கு." அவன் மானின் குளம்பையே பார்த்துக்கொண்டு பேசினான். "அன்னிக்கு வக்கீல் ஆபீசுல அப்பா என் கையை விடவேயில்ல. கார்லேருந்தே புடிச்சுக்கிட்டு வந்தாரு. பேனாவைக் குடுத்ததும் என்னைப் பாத்து, 'மார்லிஸ், எங்க போடணும்னு காட்டும்மா'ன்னாரு. வக்கீல் அப்பத்தான் காபி எடுக்க வெளிய போயிருந்தாரு. 'மேட்டு நெலம் உனக்குத்தாம்மா, நீதான என்னைப் பாத்துக்கறே'ன்னாரு. நான் எடத்தைக் காட்டினேன்."

நெஞ்சுக்கூட்டுக்குள் மேலே போய் மூச்சுக்குழாயை அறுக்கவேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, கை தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மார்லிஸ் கத்தியோடு ஒரு கையையும், குழாயைப் பிடிக்க இன்னொரு கையையும் தோள் வரைக்கும் உள்ளே விட்டிருந்தாள். கன்னம் மானின் விலாவில் பதிந்திருந்தது. அவன் முழங்கால் அவள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வழுவழுப்பான சூட்டுக்குள் விரல்கள் குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டன. கத்தியின் கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போதுமா? இன்னும் அகட்டணுமா?" என்று கேட்டான் ஆர்டன்.

"அகட்டு," என்றாள். அவன் காலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் கழுத்து அவளுக்கு எட்டுகிற தூரத்துக்கு வரும்படி அவள் பக்கமாகக் குனிந்தான்.