தம் போட்ட நெருப்பு

1.

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. நெருப்பைப் பற்றிய கதைதான், ஆனால் உங்கள் மேல் ஒரு பொறி விழாமல் சொல்லி முடிப்பது என் பொறுப்பு.

முதலில் ஓர் உண்மை. இந்தக் கதை எனக்கு ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தது. அடையாறில் ஒரு வீட்டு கேட்டுக்குள்ளே பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஒரு பக்கம் உருகி, வாய் கோணி நின்றது. என்ன நடந்தது என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்கக் கூசுகிறவள் கதை கட்டித்தானே ஆக வேண்டும்? கட்டினேன்.

2.

மார்கழி மாலையின் இளங்குளிரில் அடையாறு மெல்லப் போர்வையை இழுத்து

இல்லை. இப்படி ஆரம்பித்தால் மூன்றாம் வரியில் கொட்டாவி விடுவீர்கள். நேராகவே வருகிறேன்.

மெஹபூப் பாஷா கல்யாணப் பிரியாணி மாஸ்டர். எட்டு மாதத்துக்கு முன் வடபழனியில் ஒரு மண்டபத்தின் பின்கட்டில் அவர் தோள் துண்டில் தீப்பற்றியது. வலக்கை முழங்கை வரை வெந்து, இப்போது தழும்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டு கேஸ் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. மனைவி உம்மே ஹானி டீ போடும்போது எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார். கல்யாண ஆர்டருக்கு போன் வந்தால், "உடம்பு சரியில்ல நைனா" என்று வைத்துவிடுவார்.

நெருப்பில்லாத இந்த மனிதரோடு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது என்று உம்மே ஹானிக்குப் பயம்.

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். மனைவியாகப்பட்டவள் இப்படி நினைக்கலாமா என்று. மூன்றாம் முறை விட்டுவிட்டேன். அவள் அப்படித்தான் நினைத்தாள்.)

3.

அதனால் ஒரு கணப்புச் சட்டி வாங்கினாள். கடையில் ஃபயர் பிட் என்கிறார்கள். கால் வைத்த இரும்புச் சட்டி, அடியில் காற்றுத் துளைகள். சென்னையில் யாராவது குளிர்காய்வார்களா என்பீர்கள். மாடிவீட்டுப் பேச்சியம்மாளும் அதையேதான் கேட்டாள். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம், ஜவுளிக்கடைக் குடும்பம்.

"ஏட்டி ஹானி, இந்த ஊர் வெக்கைக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா? பாய்க்குக் குளிருதாமோ?"

"குளுருதுக்கா. உள்ளார."

பேச்சியம்மாள் மாடிப்படி ஓரத்தைக் காட்டி, "பழைய ப்ளைவுட் கதவு ஒண்ணு கெடக்கு, எரிக்கியா?" என்றாள்.

"ஐயே, வேணாக்கா. பெயிண்ட் அடிச்சது. அந்தப் பொகை மூச்ச அடச்சிக்கும்."

[இங்கே அவள் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். கதையின் வேகம் குறையும். குறையட்டும், உங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.]

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில், கொடித் துணிகளையெல்லாம் எடுத்தாள். தென்னை ஓலை தொங்கும் மூலையை விட்டு, சுவரிலிருந்து பத்தடி தள்ளி, நிமிர்ந்தால் வானம் மட்டும் தெரிகிற இடத்தில் மணலைப் பரப்பிச் சட்டியை வைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர். காய்ந்த சவுக்குக் கட்டை நாலே நாலு. மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. நைலான் துப்பட்டாவைக் கழற்றிவிட்டுப் பருத்தியை இறுக்கிச் செருகிக்கொண்டு தீ மூட்டினாள்.

அவர் மாலைத் தொழுகை முடித்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"கட்ட அடுக்கற லட்சணமா இது? கல்யாண வூடா இருந்தா உன்ன தொரத்தி வுட்ருப்பேன்."

"தொரத்துங்களேன். அங்கருந்தே தொரத்துனா எப்புடி? எயுந்து வாங்க."

வந்தார். நீள இடுக்கியை வாங்கி ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான்.

4.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் தொட்டி உருகியிருக்கிறதே, அதை என்ன செய்வது?

கலையும் நேரத்தில் அவள் வாளியைத் தூக்கினாள்.

"இன்னா பண்றே? பிரியாணிக்காரன் வூட்ல நெருப்பு மேல தண்ணி ஊத்துவாங்களா?" என்றவர், பழைய தேக்சா அண்டாவின் மூடியை எடுத்து வந்து சட்டிமேல் கவிழ்த்தார். "தம் போட்டாச்சு. தானா அடங்கிடும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த அதிகாரக் குரல். அவள் எப்படி மறுப்பாள்? வாளியைக் கீழே வைத்தாள்.

கண்ணுகளா, தம் நெருப்பை அணைக்காது, அடைகாக்கும். முப்பது வருஷம் தம் போட்டவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மண்டபத்தில் தம் முடிந்தால் சோறு இறங்கும், பந்தி நடக்கும், சாம்பலை வேறு யாரோ அள்ளுவார்கள். அவர் ஒருநாளும் அள்ளியதில்லை.

மறுநாள் காலை சாம்பல் வெளுத்து, சாதுவாகக் கிடந்தது. உம்மே ஹானி மேலாக அள்ளி கேட்டோரத் தொட்டியில் கொட்டினாள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"ஏட்டி! தொட்டி எரியுதுட்டி! பாயக் கூப்பிடு!"

அவள் பாயைக் கூப்பிடவில்லை. நேற்றைய வாளியைத் தூக்கி ஓடினாள். பேச்சியம்மாள் மாடியிலிருந்தே செடிக்கு ஊற்றும் குழாயைத் திருப்பினாள். தீ அணைந்து, உம்மே ஹானி நனைந்து நின்றாள். திரும்பினால், வாசற்படியில் அவர். முகம் மட்டும் வடபழனியில் இருந்தது.

5.

ஒரு முடிவு: அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், அன்றைக்கே ஓர் ஆர்டருக்குச் சரி சொல்கிறார். எழுதிப் பார்த்தேன். பாயசத்தில் சர்க்கரை தூக்கல்.

இன்னொன்று: உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கணப்புச் சட்டி பழைய இரும்புக்காரரிடம் போகிறது. இதை எழுதிய அன்று எனக்கே சோறு இறங்கவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். சட்டியின் அடியில் இன்னும் சாம்பல் மிச்சம். உம்மே ஹானி தண்ணீர் ஊற்றினாள், குச்சியால் கிளறினாள், மறுபடி ஊற்றினாள்.

"ஆறிடுச்சாங்க?"

"அதான் ஊத்தினியே."

"நேத்தும் அடங்கிடும்னுதானே சொன்னீங்க. கைய வெச்சாத்தான் தெரியும். வந்து பாத்துச் சொல்லுங்க."

சேறாகக் கிடந்த சாம்பல் ஆறிவிட்டதென்று அவளுக்குத் தெரியும். கேட்டாள்.

அவர் படியிறங்கினார். குந்தினார். வலக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நீட்டினார். ஒரு சாண் உயரம். அதற்குக் கீழே என்னால் இறக்க முடியவில்லை. மூன்று நாள் முயன்றேன். அந்தக் கையைப் பிடித்து அழுத்த எனக்கு உரிமை இல்லை போலும். மிச்சம் ஒரு சாண்தான், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் எரிய வேண்டியது எரியட்டும், ஆற வேண்டியது ஆறட்டும், கண்ணுகளா.