டோக்கன் நாற்பத்தொன்று

என் மனைவி எங்கள் மகளுக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். செல்போன் வாங்குவதற்காக மகள் இரண்டு வருடம் சேர்த்த காசு. ஊழியப் பயணத்துக்குப் பெட்டி, பாஸ்போர்ட் போட்டோ, ஸ்வெட்டர் என்று கரைந்துபோனது. "திரும்பி வந்ததும் தந்துடறேன்டி" என்று மகளுடைய நோட்டில் கையெழுத்தே போட்டிருந்தாள்.

சர்ச் சபையில் எங்களை ஊழியத்துக்கு அனுப்பியதற்குக் காரணம், நான் கொத்தனார், மனைவி ஆஸ்பத்திரி ஆயா. கடல் தாண்டி வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் கக்கூஸ் கட்டினேன். அவள் பிள்ளைகளுக்குத் தலை கழுவி, பேன் எடுத்து, பின்னிவிட்டாள். பதினைந்து வயது மகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது அட்டை, நாற்பது தலை. அதற்கு மேல் தொட்டியில் தண்ணீர் இருக்காது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கேட் திறக்கும் முன்பே வந்து நின்று முதல் அட்டையை வாங்கிவிடுவாள். மகள் அவளுக்கு வைத்த பெயர் ஒண்ணாம் நம்பர். பின்னி முடித்தாலும் நகர மாட்டாள், என் மனைவியின் மடியிலேயே ஒட்டிக்கொள்வாள். எங்கள் பேச்சு அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்: "அம்மா."

"யாருப்பா அவளுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று மகள் என்மேல் சீறினாள்.

"நீதான். நாள் முழுக்க அம்மா அம்மான்னு கத்தறது யாரு?"

"ரொம்ப சிரிக்காதீங்க. போய்க் குழியத் தோண்டுங்க."

தோண்டினேன். எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. மனைவிக்குக் கன்னத்தில் முத்தமாக விழுந்தது, எனக்குத் தோளில் சிமெண்ட் மூட்டை. மூட்டைக்கு மட்டும்தான் யார்மேலும் பொறாமை இல்லை.

ஊரில் மகளுக்குத் தினமும் பின்னிவிடுவது அவள் அம்மா. இங்கே நாற்பது தலை முடிந்தால் கையைத் தூக்க முடியாமல் படுத்துவிடுவாள். மகள் தானே கொண்டை போட்டுக்கொண்டாள். பதினோராம் நாள், ஒண்ணாம் நம்பரின் பின்னல் நுனியில் மகளின் சிவப்பு ரிப்பன் ஆடியது.

மறுநாள் மகள் முதல் அட்டையைச் சட்டைப் பையில் ஒளித்துவிட்டு, இரண்டிலிருந்து கொடுத்தாள். ஒண்ணாம் நம்பர் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அட்டை இல்லாவிட்டால் உள்ளே போகக் கூடாது. மத்தியானம் நான் குழியிலிருந்து ஏறியபோது, என் மணல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனைவி அவளைப் பார்த்துவிட்டு, கேட்டில் நின்ற மகளிடம் திரும்பினாள். "இவ ஏன்டி உள்ள வரல? ஒண்ணாம் அட்டை எங்க?"

மகள் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"வெக்கமா இல்ல? அது எத்தனூண்டு, நீ எம்மாம்பெரிய கழுத!"

"ரிப்பன் என்னுது. காசு என்னுது. அம்மாவும் என்னுது. எதையும் என்னைக் கேக்கல. எனக்குப் பின்னி எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லு பாப்போம்."

மனைவி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"பன்னெண்டு நாள்" என்றாள் மகள்.

தொட்டியில் ஒரு தலைக்கான தண்ணீர் மிச்சம் இருந்தது. மனைவி சிறுமியைக் கூட்டிப்போனாள். மகள் முறைத்துக்கொண்டேதான் மொண்டு ஊற்றினாள். ஆனால் கண்ணில் சோப்புப் படாமல் நெற்றியைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

அடுத்த நாள் ஒண்ணாம் நம்பருக்கு ஒன்றாம் அட்டையே கிடைத்தது. நாற்பதாவது தலை முடிந்து மனைவி எழுந்தபோது, எதிரே மகள் நின்றாள். கையில் சிமெண்ட் பையிலிருந்து கிழித்த காகிதம், அதில் என் பென்சிலால் எழுதிய 41.

"தண்ணி தீந்துபோச்சேடி."

"சும்மா பின்னினா போதும்."

மனைவி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒண்ணாம் நம்பர் ஓடிவந்து மடியில் ஏறப் பார்த்தாள். "போ, இது என் முறை" என்று மகள் முழங்கையால் இடித்தாள். சிறுமிக்கு அது நன்றாகவே புரிந்தது.

வலிக்கிற கையால் பின்னி முடிக்க வெகுநேரம் ஆனது. மகள் அவசரப்படுத்தவில்லை.

"அந்த ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது," என்றாள், திரும்பாமலே. "நோட்டுல அடிச்சிடு. தர வேணாம்."

"நெசமாவா?"

"ஆனா ரிப்பன் பாக்கி. அத அவகிட்டருந்து நானே வாங்கிக்கறேன்."

மனைவி என் பென்சிலைக் கேட்டு வாங்கி, மகள் நீட்டிய நோட்டில் தன் கையெழுத்தின்மேல் கோடு போட்டாள்.