துணி போர்த்திய ரேடியோ

அப்பாவின் வால்வு ரேடியோவைக் குடைந்தெடுத்துவிட்டு உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் வைக்கப் போகிறானாம் என் தம்பி எபி. அவன் மருமகள் ஜெரூஷா ஊரப்பாக்கத்தில் வாங்கியிருக்கும் புது ஃப்ளாட்டில் அது ஷோவாக இருக்குமாம். ஷோவுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்தால் ஆகாதா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"பாடாத ரேடியோவ எதுக்குக்கா அம்பது வருஷமா தொடச்சிட்டே இருக்க?" என்றான்.

"பாட வைக்கிறேன் பாரு. பாடலன்னா எடுத்துட்டுப் போ."

வாய்க்கொழுப்புதான். ரிட்டயர்டு கணக்கு டீச்சருக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்? சேலையூரில் எங்கள் தெருக்கோடி வீட்டு ஷ்யாம்சுந்தரைப் போய்ப் பிடித்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பல்லாவரம் சந்தைக்கென்றே சில வெள்ளிக்கிழமைகளில் லீவு போட்டு, பழைய ரேடியோக்களை அள்ளி வருகிற மனிதர்.

வந்தவர் பிளக்கைச் சொருகவே விடவில்லை. "நேரா கரண்ட் குடுத்தா உள்ள எல்லாம் புகைஞ்சிடும் டீச்சர். நடுவுல ஒரு குண்டு பல்ப் போட்டுடுவோம். எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்ப் பளிச்சுன்னு எரிஞ்சு காட்டிக் குடுத்துடும்." அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வந்து, காய்ந்துபோன கண்டென்சர்களைக் கழற்றிப் புதிதாக வைத்தார். வால்வு ஒவ்வொன்றையும் பிடுங்கி, பச்சைப் பாசி பிடித்த கால்களைத் தேய்த்துச் சொருகினார்.

ஒருநாள் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கண் விழித்தன. சூடேறிய தூசியின் மணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டில் அடிக்கும் அதே மணம். அடுக்களையில் கறிக்குழம்பு கொதிக்க, அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகுவார்.

ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை.

அப்பா தனசிங் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். சாம்பல் புதனன்று காலையில் ரேடியோவின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி மூடிவிடுவார். ஈஸ்டர் வரை நியூஸ்கூடக் கிடையாது. லெந்து என்கிற அந்த நாற்பது நோன்பு நாட்களில் மாலை முழுவதும் அந்த மூலையிலேயே கண்ணை மூடி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். "அப்பா ஜெபம் பண்றாங்க, சத்தம் போடாதீங்க" என்பாள் அம்மா. நாங்கள் பூனை மாதிரி நடப்போம்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. லெந்து என்பதை மறந்து, அடிபம்பில் தண்ணீர் அடித்தபடி ஒரு சினிமாப் பாட்டை வாய்விட்டுப் பாடிவிட்டேன். அப்பா திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஈஸ்டருக்குப் பேசுவார் என்றிருந்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் மாரடைப்பில் போய்விட்டார். என்னோடு பேசாமலேயே போய்விட்டார்.

ஈஸ்டரன்று அம்மா துணியை எடுத்து ரேடியோவைப் போட்டாள். விளக்கு எரிந்தது, சத்தமில்லை. "அவரோட அதுவும் போயிடுச்சு, விடு" என்றாள். மெக்கானிக்கைக் கூப்பிடக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் பாடவில்லை. கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பேன். பேசாமல் போன மனிதர், அவருடைய ரேடியோவாவது என்னோடு பேசாதா என்றுதான் இத்தனை வருடமும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை எபி காரோடு வந்துவிட்டான். கையில் ரேடியோவைச் சுற்றுவதற்குப் பழைய பெட்ஷீட் வேறு. இதுவும் லெந்து காலம்தான்.

ஷ்யாம்சுந்தர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஸ்பீக்கர் காயில் கட் ஆயிருக்கும்போல டீச்சர். இந்த மாடலுக்கு வேற கிடைக்காது."

எபி பெட்ஷீட்டை விரித்தான்.

"இருங்க சார்," என்று ஷ்யாம்சுந்தர் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து, இரண்டு ஒயரால் ஸ்பீக்கரையே நேராகத் தொட்டார். 'டக்' என்றது. இன்னொரு முறையும் 'டக்.'

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு! நடுவுல ஏதோ கட்." ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது நேரே போகாமல் ஓரமாக வளைந்து பின்பக்கம் போனது. அங்கே அப்பாவின் துணி தொங்கி மறைக்கும் இடத்தில், விரல்நுனி அளவில் ஒரு ஸ்விட்ச். பக்கத்தில் சின்ன ஓட்டை.

"இது கம்பெனி வேலை இல்ல. யாரோ கையால வெச்சிருக்காங்க. இப்படித் தள்ளினா ஸ்பீக்கர், அப்படித் தள்ளினா இயர்போன். இப்ப இயர்போன்ல இருக்கு. வெளிய ஒரு பொட்டு சத்தம் வராது."

எனக்குப் பொறி தட்டியது. கன்னத்தில் வைத்த கை. காதில் பஞ்சு மாதிரி ஏதோ தெரியும். "காதுவலி" என்பாள் அம்மா. லெந்து நாட்களில் மட்டும் வருகிற காதுவலி! அம்மாவும் கூட்டுதானா? அதனால்தான் மெக்கானிக்கை விடவில்லையா? இனி யாரைக் கேட்பது?

ஷ்யாம்சுந்தர் ஸ்விட்சைத் தள்ளினார். கரகரவென்று ஒரே இரைச்சல். இரைச்சல் குறையட்டுமென்று ஓடிப்போய் டியூப்லைட்டை அணைத்தேன். அவர் குமிழைத் திருகத் திருக, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்து வந்தது. பழைய சினிமாப் பாட்டு.

எபி பெட்ஷீட்டை நழுவவிட்டான். "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று சிரிக்க ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடப்பாவி மனுஷா, பாட்டு உமக்கும் பிடிக்குமா? பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் நானும் சத்தம் போடாமல் கேட்டிருப்பேனே!

"அக்கா, லெந்து நாள்க்கா. தெருவுக்கே கேக்குது. கொறைக்கவா?"

"கைய எடுடா. இந்த வீட்ல ஒருத்தர் ஒளிஞ்சு கேட்டது போதும்."

பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டு. பல்லவி திரும்ப வந்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். குரல் உடைந்தது, சுருதி எங்கோ போனது. அப்பா சாகும்போது ஐந்து வயதாயிருந்த எபி என்னை வாய்பிளந்து பார்த்தான்.

"நீ பாடுவியாக்கா?"

"பாடுவேன்," என்றேன். சரணம் வந்தது. பாடினேன்.