அண்ணன் கொடுத்தனுப்பிய சங்கிலி

விமானம் தரையிறங்கும்போதே தையல்காரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆறு வருஷம் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துவிட்டுத் திரும்புகிறவள் சந்தோஷமாக அல்லவா இறங்க வேண்டும்? கழுத்தில் கிடந்த சங்கிலி விட்டால்தானே!

சங்கிலி அவளுடையது இல்லை. அண்ணனுடையதும் இல்லை. அண்ணனுக்கு வேண்டிய நகைக்கடைக்காரருடையது. கிளம்புகிற நேரத்தில் யாரோ ஒருவன் வந்து கையில் திணித்துவிட்டுப் போனான். போனில் அண்ணன் தேனொழுகப் பேசினார். வருஷக்கணக்கில் வெளியில் இருந்துவிட்டு வரும் பெண், இத்தனை கிராம் வரை வரியில்லாமல் நகை கொண்டுவரலாமாம். அதை வீணாக்குவானேன் என்றார்.

"உன் கழுத்து சும்மாதானே இருக்கு? போட்டுக்கிட்டு பச்சை வாசல் வழியா நேரா வந்துடு."

கழுத்து சும்மா இருந்தது வாஸ்தவம். கை சும்மா இல்லையே! முழுக்கைச் சட்டைக்குள் இரண்டு வளையல்கள் இருந்தன. ஓவர்டைம் பார்த்து வாங்கியவை. அவற்றை விற்று இரண்டு தையல் மிஷின் வாங்க வேண்டும், அந்தத் தொழிற்சாலை வாசலை இனி மிதிக்கவே கூடாது. இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? முதல் வருஷச் சம்பளம் அண்ணனின் பைக்காக ஓடுகிறது. மற்றதெல்லாம் அவள் பேரில் கட்டிய மாடியாக நிற்கிறது. அதில் அண்ணியின் தம்பி ஓசியில் குடியிருக்கிறான்.

வளையல்களின் எடையே வரியில்லாத அளவுக்குச் சரியாக இருந்தது. தராசில் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். சங்கிலியையும் மறைத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டால் வளையலும் சேர்ந்து போய்விடும்.

வரி கட்ட ஒன்றும் இல்லை என்பவர்கள் போகும் பச்சை வாசலில் கூட்டம் நெரிந்தது. இருக்கிறது என்று சொல்ல வருகிறவர்களின் சிவப்பு வாசலில் ஈ காக்கை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு வாசலுக்கு நடந்தாள்.

மூக்குக்கண்ணாடி போட்ட சுங்க அதிகாரியம்மா வளையல்களை நிறுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சங்கிலிக்கு வரி கட்ட வேண்டும் என்றார்.

"இது என்னுது இல்ல மேடம். யாரோடதோ அவங்களே வந்து கட்டி எடுத்துக்கட்டும்."

ஊரார் பொருளைச் சுமந்து வந்ததற்கு அதிகாரியம்மா வெளுத்து வாங்கிவிட்டார். தானாக வந்து சொன்னதால் இந்தத் தடவை விடுவதாகச் சொல்லி, சங்கிலியை உறையில் போட்டு ஒட்டி, ரசீது எழுதினார். அத்தனை திட்டு வாங்கியும் அவளுக்கு வலிக்கவில்லை.

வெளியே அண்ணன் நின்றிருந்தார். ஆறு வருஷம் கழித்து வருகிற தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை மனுஷன், கழுத்தைப் பார்த்தார். ரசீதை நீட்டினாள். படித்ததும் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அப்புறம்தான் மடித்துவிட்ட சட்டைக்கையும் வளையல்களும் கண்ணில் பட்டன.

"இத விட்டுட்டு சங்கிலியக் கொண்டுவந்திருக்கலாமே? நீ எப்படியும் திரும்பப் போகப்போறவ. ரெண்டு வருஷத்துல வேற வாங்கிட மாட்டியா?"

கேலியில்லை, கோபம்கூட இல்லை. நாளைக்குப் பொழுது விடியும் என்பதுபோல் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

"நான் திரும்பப் போகலண்ணே. மாடியில தையல் கடை போடப்போறேன். அண்ணியோட தம்பிய இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க."

பெட்டி வண்டியை அவளே தள்ளிக்கொண்டு நடந்தாள். அண்ணன் ரசீதும் கையுமாக நின்றார்.