அகனு

என் தம்பிக்கு நான் வைத்திருக்கும் பெயர் பென்குயின். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு அந்தப் பறவைதான் சின்னம், இவன் அதற்குச் சம்பளமில்லாத ஏஜென்ட். யாராவது கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முனகினால் போதும், லினக்ஸ் ஏற்றச் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துவிடுவான்.

எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பும் முனகிக்கொண்டுதான் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டதாம், இனி பாதுகாப்பு கிடையாது, புதிய மெஷின் வாங்கு என்று திரையில் ஓயாமல் அறிவிப்பு வந்தது. அதை மூடி மூடி எனக்கு அலுத்துவிட்டது. பல் டாக்டரிடம் வரவேற்பு வேலையில் உட்கார்ந்து நாள் முழுவதும் மற்றவர்களின் வலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இவருக்குத் துடைத்துவிட வேண்டும், ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதில் லேப்டாப் வேறு உயிரை வாங்குகிறது. "என்னமோ பண்ணித் தொலைடா" என்று சொல்லிவிட்டேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். வக்கீல் ஆபீசில் காலமெல்லாம் தமிழ் டைப் அடித்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் தப்பித்தது. கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு லேப்டாப்பை வைத்தால் அந்த ஒரு கையால் மெதுவாக அடிப்பார். நரம்பு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இவர் எழுதுறது சரியா இருக்கிற வரைக்கும் புத்தியப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எழுதுவதும் வக்கீல் ஆபீஸ் தமிழில்தான் இருக்கும். "யானை, மேற்படி போர்வை போதவில்லை." "யானை, மேற்படி மாத்திரை கசக்கிறது." யானை நான்தான். கல்யாணமான புதிதில் நான் மாடிப்படி இறங்கும் சத்தத்தைக் கேட்டு வைத்த பெயர். அப்போது கோபித்துக்கொண்டேன். இப்போது அதைப் பார்த்தால்தான் டீ இறங்கும்.

தம்பி வந்து ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனான். "இனிமே ராக்கெட் மாதிரி ஓடும்க்கா. வைரஸ் கிடையாது, ஒரு பைசா செலவு கிடையாது." தமிழ் வருமா என்று கேட்டேன். ஏதோ இரண்டு சாவியைத் தட்டிக் காட்டினான். வந்தது. அவனுக்குப் பசி, கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை இவர் அடித்ததைப் பார்த்தேன். "அகனு" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளங்கவில்லை. எல்லாம் தமிழ் எழுத்துதான், ஆனால் உளறல். "என்னங்க இது?" என்றேன். மறுபடி அடித்தார். மறுபடி அகனு. பிறகு உள்ளங்கையால் கீபோர்டை ஓங்கி அறைந்தார்.

நரம்பு டாக்டருக்குப் போன் செய்தேன். மூளையில் சின்னதாக இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம், கோபமும் அதில் சேர்த்திதான், அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். அதற்குள் இவருடைய அக்காவுக்கு விஷயம் போய்விட்டது. அண்ணி நல்லவள்தான், ஆனால் எதையும் முடித்துவிட்டு மறுவேலை பார்க்கிற ரகம். அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"இங்க பாரும்மா, எனக்குத் தெரிஞ்ச பராமரிப்பு இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். அவனுக்கு இனிமே எந்த இடம்னு தெரியவா போகுது? நீ இப்படியே போனா நீயும் படுத்துடுவ."

இல்லை அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்னால முடியல அண்ணி" என்று வந்துவிட்டது. பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குத்தான் ஒன்றும் விளங்காதே என்று நானும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

அதற்குப் பிறகும் இவர் அடித்துக்கொண்டேதான் இருந்தார். நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு மனிதன் கண் முன்னால் கரைந்துபோவதை எழுத்து எழுத்தாக எத்தனை தடவை படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது, மாமா என்றால் அவனுக்கு உயிர். இவர் கண்ணயர்ந்திருந்தார். லேப்டாப்பைக் கூடத்துக்கு எடுத்து வந்தேன். இவரை இல்லத்துக்கு அனுப்புமுன் அதைத் தூசி துடைத்து வைக்கலாம் என்ற யோசனை. அனுப்புவது என்று மனசு எப்போது முடிவுகட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

திரையில் பத்தி பத்தியாக உளறல். ஒவ்வொரு பத்தியும் அகனு என்றே ஆரம்பித்தது.

"அகனுன்னா என்னடா?"

"தெரியலக்கா. மாமாவுக்குத் தெரிஞ்சவங்க யாராவதா?"

உளறுகிறவன் ஒரே மாதிரி உளறுவானா? எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை தவிர. ஒருநாள் என் விரல்களைப் பிடித்து இவர் சொல்லிக்கொடுத்தது: இடது சுண்டுவிரல், வலது ஆள்காட்டி விரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். "பாத்துக்கோ, உன் பேரு நாலே தட்டு" என்று சிரித்தார். சாவிகளின் மேலிருந்த எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. விரலுக்கு எழுத்து எதற்கு?

கீபோர்டில் கையை வைத்து அந்த நாலு தட்டைத் தட்டினேன். யானை வரவில்லை.

அகனு வந்தது.

தம்பி திரையைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, மாமா பழைய டைப்ரைட்டர் முறையில அடிக்கிறவரு. நான் போட்டது வேற தமிழ் கீபோர்டு. அவரு சரியாத்தான் அடிச்சிருக்காரு. இதுதான் தப்பா காட்டியிருக்கு." குரல் இறங்கிவிட்டது. "நான் ஒரு மடையன்க்கா."

"அது அப்புறம். இதைப் படிக்க முடியுமா?"

சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதினான், எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று. அங்கங்கே சில எழுத்து விட்டுப்போகும் என்றான். போகட்டும் என்றேன். உளறல் முழுவதும் கலைந்து வரிசையாக வந்து நின்றது.

யானை, எழுத்து மாறிவிட்டது. மேற்படி தம்பியைக் கூப்பிடு.

யானை, மேற்படி தம்பிக்கு அறிவு இல்லை.

யானை, எனக்குப் பைத்தியம் இல்லை. அழாதே.

இதுவரை படித்துவிட்டு நான் சிரித்தேன். தம்பியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். கடைசிப் பத்தியில் அவன் சிரிப்பு நின்றது. திரையை என் பக்கம் திருப்பினான்.

யானை, முடியவில்லை என்று நீ சொன்னது கேட்டது. மேற்படி இல்லத்துக்குப் போக எனக்குச் சம்மதம். நீ தூங்கு.

எனக்கு அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். கோபம்தான் வந்தது. புத்தி தெளிவாக இருக்கிறது என்று காட்டுகிற எழுத்து இப்படியா இருக்க வேண்டும்?

தம்பி பழைய முறையைத் தேடி மாற்றிக் கொடுத்தான். தமிழ் கீபோர்டுகளின் பட்டியலிலேயேதான் இருந்திருக்கிறது, கொஞ்சம் கீழே. லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். இவர் விழித்திருந்தார்.

"படிச்சாச்சு" என்றேன். "சம்மதமாம், சம்மதம். யாரு கேட்டா உங்ககிட்ட? முடியலன்னு சொன்னேன், அது நிஜந்தான். ஒண்டியா முடியல. அண்ணி வாரத்துல ரெண்டு நாள் வரட்டும், இந்தப் பென்குயின் ரெண்டு நாள் வரட்டும். இல்லம் வேணாம்னு நாளைக்கு நானே சொல்லிடுறேன்."

அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மெதுவாக நகர்ந்தது. நாலு தட்டு. யானை என்று வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. மறுபடி கை நகர்ந்தது.

யானை, படு.

வாதாட என்னால் முடியவில்லை. அவர் கால்மாட்டில் கிடைத்த இடத்தில் சுருண்டேன். ஜன்னல் வெயில் முதுகில் விழுந்தது. கண் சொருகும்போது கூடத்தில் என் போன் அடித்தது, தம்பி எடுத்தான்.

"இல்லங்க, அக்கா தூங்குறாங்க. எழுப்பக் கூடாதாம்."

அந்தப் பக்கம் அண்ணி அதட்டுவது இங்கே வரை கேட்டது. யார் சொன்னது என்று கேட்டிருப்பாள்.

"மாமா சொன்னாரு" என்றான்.