மூன்றாம் சிலிண்டரின் காற்று

கந்தப்பனின் வேனில் மூன்றாம் சிலிண்டரிலிருந்து காணாமற்போன காற்று, பசறை நகரத்துக் கராஜிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே, தோட்டத் தொழிலாளர் லயத்தில் மூச்சிழுத்துப் படுத்திருந்த அவன் மனைவி பெரியாயியின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று.

தேயிலைத் தோட்டத்து நோயாளிகளை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போக அந்த வேன் ஒன்றுதான் இருந்தது. ஏற்றத்தில் சூடேறிச் செத்த எஞ்சினை கராஜ்காரன் முஸ்தாக் முழுசாகப் பிரித்துத் திரும்பக் கட்டினான். கட்டி முடித்த வேன் இருமியது, மேட்டைக் கண்டதும் நின்றது. அளவுமானியைப் பூட்டிப் பார்த்தான். மற்ற மூன்றிலும் அழுத்தம் நூற்றெழுபது, மூன்றாவதில் பூஜ்ஜியம். உள்ளே எண்ணெய் ஊற்றிப் பார்த்தான், முள் அசையவில்லை, ஆக ரிங்கின் மேல் குற்றமில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் நிரப்பினான், சொட்டும் கசியவில்லை. கேஸ்கட்டையும் மாற்றினான். கடைசியில் டயருக்கு அடிக்கும் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி, புகைக்குழாய், எண்ணெய் மூடி, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டான்.

"காத்து போகுது. எங்க போகுதுன்டுதான் வெளங்கல்ல," என்றான்.

அந்நேரம் கந்தப்பனின் போன் அடித்தது. மகள் விதுஷா. "அப்பா, அம்மா எந்திரிச்சு உக்காந்து தேத்தண்ணி கேக்குது." முஸ்தாக் காற்றை நிறுத்தினான். "திரும்ப மூச்சு இழுக்குதுப்பா," என்றாள் விதுஷா.

பெரியாயி பத்தொன்பது வருடம் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலித்தவள். அந்தத் தூளெல்லாம் அவள் நெஞ்சில்தான் இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் அதற்குச் சளி என்று பெயர் வைத்திருந்தார். கந்தப்பன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எஞ்சின் கட்டும் முன் அந்த மூன்றாம் பிஸ்டனைக் கொண்டுபோய், தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கும் ரோதமுனியின் காலடியில் வைத்து, ஒரே சூடத்தில் எஞ்சினுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து மூச்சுக் கேட்டுவிட்டான். ஒரு சூடத்துக்கு ஒரு வேண்டுதல் என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும். தோட்டத்திலேயே இருந்து பழகிய சாமி, கேட்டதில் பாதியைத்தான் கொடுக்கும்.

வேறு பிஸ்டன் போட்டால் வேன் மலையேறும் என்றான் முஸ்தாக்.

"அப்ப அவ என்ன ஆவா, முஸ்தாக் நானா?" என்றான் கந்தப்பன்.

முஸ்தாக் கை கழுவப் போனான்.

கந்தப்பன் பிஸ்டனை மாற்றவிடாமல் வேனைக் கட்டி இழுத்துவந்து லயத்து வாசலில் நிறுத்தினான். காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் பெரியாயிக்கு அன்றைக்குப் போதும். அந்த வருடம் வேன் இல்லாமல் நான்கு நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிப்போனார்கள். அவர்களில் ஒருவன், கொழுந்து பறிக்கும் அங்கம்மாவின் புருஷன், பாதி வழியில் செத்தான். யாரும் கந்தப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பெற்றோல் கிடைக்காமல் போனபோது, முன்பக்கத்தில் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினான். அப்படியும் காற்று போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் அவன் தோள் இறங்கிவிட்டது. விடிந்ததும் வந்து நின்றவள் அங்கம்மா.

"நகருங்கண்ணே, நான் சுத்துறேன்," என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வேலைக்குப் போனவளை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திவிட்டாய் என்று கங்காணி திருப்பி அனுப்பினார். வேலையில்லாமல் திரும்பி வந்தவள் மத்தியானம்வரை சுற்றினாள்.