உயிரை வாங்காதீங்க

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஒரு சனிக்கிழமை மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தன் உயிரை இழந்தாள். பாதிப் பாத்திரம் மீதமிருந்ததால் அதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். மயக்கம், தலைசுற்றல் எதுவும் இல்லை. எங்கோ ஓடிக்கொண்டேயிருந்த ஒரு மோட்டார் நின்றுபோனதைப் போல இருந்தது என்று பின்னாளில் சொன்னாள். அதே நேரத்தில் கூடத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்ற மெக்கானிக், இடது கண்ணோரத்தில் புதிதாக ஒரு விளக்கு எரிவதைப் பார்த்து, "அட, சும்மாவே ஒரு உயிர் வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டான்.

இது நடந்தது, வீடியோ ஆட்டங்கள் வீட்டில் பேசுகிற தமிழைக் கற்றுக்கொண்ட வருடம். அதுவரை விளையாடுகிறவர்கள் கையிலிருக்கும் பொத்தானைத்தான் அழுத்தவேண்டும். புதிய ஹெட்செட்டோ வீட்டில் யார் பேசினாலும் கேட்டு நடந்துகொள்ளும், குடும்பமே சேர்ந்து விளையாடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். உயிர் வாங்கு என்றால் வாங்கும், கொடு என்றால் கொடுக்கும், விடு என்றால் விட்டுவிடும். கோடிக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டி அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், கல்யாணமாகிப் பல வருடமான இருவர் ஒரு வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அன்று மாலை அவள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். ஒவ்வொரு முறையும் "இதோ" என்று பதில் வந்ததே தவிர ஆள் வரவில்லை. கையில் சோப்பு நுரையோடு அவள், "இப்படி என் உயிரை வாங்காதீங்க" என்றாள். இயந்திரம் எல்லாவற்றையும் கற்றிருந்தது, 'வாங்காதே' என்பதில் இருக்கும் 'ஆதே'வை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் அது பெரும்பாலான கணவர்களைவிட மோசம் என்று சொல்லிவிட முடியாது.

அவள் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் பல் வரிசையை அடுக்கி, ஈறைச் சீவி, கடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அடுத்தவர் வாயைச் செய்துகொண்டே தன் வாயையும் ஓயவிடமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு ரேடியோ என்று பெயர். திங்கட்கிழமை ரேடியோ வேலைக்குப் போனபோது கட்டடத்தின் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. பின்னால் வந்தவளுக்குத் திறந்த கதவில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள். கை நீட்டினால் தானாக வரும் குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்லாமும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று அலுத்துக்கொண்டாள். மாலையில் தன் குடியிருப்பின் லிஃப்டில் நுழையும்போது கதவு நிற்காமல் வந்து அவள் தோளை நசுக்கியது. அந்த லிஃப்டைப் பராமரிக்கிறவன் அவள் கணவன். அவனுக்கு அது மானப் பிரச்சினை. டார்ச்சும் ஸ்குரூடிரைவருமாக இறங்கிவந்தான். தன் கையை நீட்டினான், கதவு நின்றது. பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தினான், நின்றது. அவளை நிறுத்தினான், மூடிக்கொண்டு வந்தது. உள்ளே நிற்கவைத்துப் பார்த்தால் எடை மட்டும் சரியாகக் காட்டியது. "வெயிட் காட்டுது. ஆள் இருக்கிறது அதுக்குத் தெரியல" என்று சொன்னான். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், கழுத்தோரம் விரல் வைத்துப் பார்த்தான். தன் வாட்சைக் கழற்றி அவள் மூக்கின் கீழே பிடித்தான். கண்ணாடியில் ஆவி படியவில்லை.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அந்த மாதம் அவரிடம் வந்த கேஸில் இது முதலாவதும் அல்ல. ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி மேசையில் வைத்தார். வீட்டில் புது ஹெட்செட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். "சாப்பிடலாம், தூங்கலாம், வேலைக்குப் போகலாம். கொசு கடிக்காது. ஆனா உயிர் எங்க இருக்கோ அங்க பத்திரமா இருக்கணும்மா. அது அணைஞ்சா நீங்களும் அவ்வளவுதான்" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஆட்டத்தின் உதவி மையத்தில் பேசிய பெண்ணின் குரலிலும் பதற்றம் இல்லை. "வாங்கின உயிரைத் திருப்பி எடுத்துக்கிற வசதி இல்லைங்க சார். சதுப்பு தாண்டி ஒரு சத்திரம் இருக்கும். அங்க போயிட்டீங்கன்னா யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சீசன் முடியுது, அதுக்கப்புறம் மிச்சமிருக்கிற உயிர் செல்லாது." மெக்கானிக் தயங்கித் தயங்கி, கண்ணோரத்தில் இப்போது ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது, அது எந்த விளக்கு என்று கேட்டான். "பழசுதான் சார் முதல்ல போகும். புதுசா வந்ததுதான் கடைசியா நிக்கும்" என்றாள் அந்தப் பெண், ஆறுதல் சொல்கிற தொனியில்.

அவன் ஃபோனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை இரவு, கையில் ஓர் உயிர் உபரியாக இருக்கிறதே என்ற தெம்பில், பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லாமல் சதுப்பில் நேராகக் குதித்திருந்தான். அங்கே திரியும் மிருகங்கள் கிழித்தன. மறுபடியும் குதித்தான், மறுபடியும் கிழித்தன. போதும், தூக்கம் வருகிறது என்று கழற்றி வைத்ததால்தான் அவள் இன்னும் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னான். எப்போதும் நல்ல கோபக்காரியான அவளுக்கு அப்போது கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. அவனுக்கு வந்த ஒரு கொட்டாவியில்தான் தன் உயிர் தப்பியிருக்கிறது என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ரேடியோ பாடவில்லை. எந்தச் சொல் எங்கே போய் முடியும் என்று தெரியாததால் அவள் சைகையிலேயே குடித்தனம் நடத்தினாள். அதற்கு முன் அவள் தன் பேச்சைத் தானே கவனித்தவள் அல்ல. இப்போது கவனித்தால், ஒரு நாளில் எத்தனை முறை செத்தேன், பிழைத்தேன், உயிர் போகுது, உயிரை எடுக்குறான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அவளுக்கே திகிலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை போலிருக்கிறது என்று சமாதானம் பேச வந்து, இரண்டு பக்கமும் வாயைத் திறக்காததால் மனம் நொந்து திரும்பிப்போனாள். மெக்கானிக் ஒவ்வொரு மாலையும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சதுப்பின் மேலிருந்த பாலத்தில் ஒரு முழம், இரண்டு முழம் என்று நகர்ந்தான். மிருகங்களுக்குக் கண் கிடையாது, உயிரின் வாடையைத்தான் மோப்பம் பிடிக்கும் என்பதால் ஒளிந்தும் பயனில்லை. சனிக்கிழமைக்குள் பாதிப் பாலம்தான் வந்திருந்தான். படுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தான், துடிப்பில்லாத மணிக்கட்டைப் பிடிக்காமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினாள், ஜன்னல்களைச் சாத்தினாள், இருவர் ஃபோனையும் சத்தம் வராமல் செய்து பீரோவுக்குள் போட்டாள். சோபாவைச் சுவரோடு தள்ளி வழிவிட்டாள். பிறகு சமையலறை வாசலில் உட்கார்ந்து கைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். பாலமோ சதுப்போ மிருகமோ எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஹெட்செட்டால் கண்ணை மூடிய கணவன் ஒருவன், பழைய பனியனும் லுங்கியுமாகத் தன் வீட்டுக் கூடத்தில் நின்று காற்றைத் துழாவுவது மட்டும்தான். அவன் முழங்காலைப் பார்த்துத்தான் அவள் பாலத்தைத் தெரிந்துகொண்டாள். முழங்கால் வளைந்தால் பலகை ஆடுகிறது. மூச்சை அடக்கினால் பக்கத்தில் ஏதோ வருகிறது. ஒரு முறை அவன் சட்டென்று சாப்பாட்டு மேசைக்கு அடியில் பதுங்கி நெடுநேரம் அசையாமல் கிடந்தான். எழுந்து வரும்போது கால்மிதியின் ஓரம் தடுக்கி ஒரு காலில் தள்ளாடினான். அவள் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்துவிட்டது, துண்டைக் கடித்து அதை விழுங்கினாள். அவன் எப்படியோ நிலைகொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்துவிட்டாள். நேரம் அதிகம் இல்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. மெக்கானிக்கின் அம்மாவிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காலையிலிருந்து ஃபோன் அடித்து யாரும் எடுக்காததால் பதறிப்போய் பஸ் ஏறி வந்திருந்தார். மருமகள் பாய்ந்து வந்து உதட்டில் விரல் வைத்ததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "என் மகன் வீட்டுல என்னையே வாயை மூடச் சொல்றியா?" என்றார். பிறகு வியர்வையில் தொப்பலாக நனைந்து, கன்னம் ஒட்டி, கைகால் உதற நிற்கும் மகனைப் பார்த்தார். "ஏன்டா, ஒரு வெளையாட்டுக்காகவா இப்படி உயிரை விடுறே?" என்றார்.

ரேடியோ அவர் வாயைப் பொத்தினாள், ஆனால் வாக்கியம் முடிந்திருந்தது. அம்மா சொன்னால் தட்டாத பிள்ளை என்று பெயரெடுத்தவன், இயந்திரமும் அவன் சார்பில் தட்டவில்லை. மெக்கானிக் விழவில்லை. உடம்பின் உதறல் மட்டும் நின்றது. நிமிர்ந்து நின்றான். பிடரியில் வழிந்துகொண்டிருந்த வியர்வை வழிவது நின்றது. சதுப்பில் அவனைச் சுற்றி வளைத்திருந்த மிருகங்கள் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்து, வாடை சட்டென்று குறைந்துபோகவே குழம்பின. கதவு ஓர் ஆளைப் பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு ஒரு வாரமாகத் தெரியும். தன்னுடையது போய்விட்டது என்று புரிந்துகொண்டான். இனி வாடை வருவது அந்த ஒரு விளக்கிலிருந்து மட்டும்தான். கண்ணோரத்திலிருந்து அதை எடுத்து இரு உள்ளங்கைகளுக்குள் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ரேடியோ பார்த்ததெல்லாம், தன் கணவன் கையில் ஒன்றுமில்லாமலே எதையோ ஏந்திக்கொண்டு கூடத்தின் குறுக்கே மெல்ல நடந்து போனதைத்தான். அவள் கைக்குள்ளிருந்த மாமியாரின் வாய் அசையவேயில்லை. பால்கனிக் கதவருகே, ஆட்டத்தில் சத்திரம் இருந்த இடத்தில், போய் நின்று அவன் சொன்னான்: "என் வீட்டுக்காரிக்குக் குடு." கூடத்தில் மணியோசை கேட்டது. சீசன் முடிந்தது.

மாமியாரின் மூச்சு தன் உள்ளங்கையில் சூடாகப் படுவதை அவள் உணர்ந்தாள். தன் மூச்சையும் உணர்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, வியர்த்தது, ஒரு வாரக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டின. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். காது அவன் மார்பில் பட்டது. உள்ளே சத்தமே இல்லை. தனக்கு உயிர் இல்லை என்று தெரிந்த அன்றுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

"உங்களோடது எங்கங்க?"

அவன் ஹெட்செட்டைக் கழற்றினான். "அம்மா விடச் சொன்னாங்க, விட்டுட்டேன். அணையல, எங்கயோ போயிடுச்சு."

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்டா" என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். யாரும் அவரைத் திட்டவில்லை. அந்த வீட்டில் பேச்சுக்குச் சொல்லாதவர்கள் எவரும் இல்லை. ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டி, "இந்தாங்க, எடுத்துக்கோங்க" என்றாள். இயந்திரம் அணைந்துகிடந்தது, ஆனால் அந்த உயிர் சொற்களுக்குப் பழகிவிட்டிருந்தது. அவன் மார்பு அடிக்கத் தொடங்கியது, அவளுடையது நின்றது. "எனக்கெதுக்கு, நீயே வச்சுக்கோ" என்றான், திரும்பி வந்தது. "சொன்னா கேளுங்க" என்று மறுபடி கொடுத்தாள். அம்மாதான் அழுகையை நிறுத்திவிட்டு, "யாராவது ஒருத்தர் வச்சுக்கிட்டு மொதல்ல சாப்பிட வாங்க" என்று அதட்டினார்.

நிறுவனம் பிற்பாடு பேச்சு வசதியை எடுத்துவிட்டது, ஹெட்செட்டின் மேல் கவனமாகப் பேசவும் என்று ஒட்டி விற்றது. சில வருடங்களில் ஹெட்செட்டே இல்லாத ஆட்டங்கள் வந்தன, சதுப்பும் சத்திரமும் யாருக்கும் நினைவில்லை. அவர்கள் இருவரும் அந்த ஓர் உயிரில்தான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறார்கள். காலையில் வாசலில் நின்று, அன்றைக்கு யாருக்கு அவசியமோ அவர் வாங்கிக்கொண்டு போகிறார். லிஃப்ட் வேலை இருக்கும் நாளில் அவன், ஆஸ்பத்திரிக்கோ பாங்க்குக்கோ போகும் நாளில் அவள். யாருடைய முறை என்று சண்டை வராமல் இல்லை. ரேடியோ பழையபடி நன்றாகவே பாடுகிறாள். கல்யாண வீடுகளில் ஈருடல் ஓருயிராக வாழ்க என்று யாராவது மணமக்களை வாழ்த்தும்போது, தெரிந்தவர்கள் இவர்கள் பக்கம் திரும்பி, சமாளிக்க முடிகிறதா என்று விசாரிப்பதுண்டு. சமாளிக்கலாம், ஃபோனை மறந்துவிட்டுப் போவதைவிடப் பெரிய தொந்தரவு இல்லை என்கிறான் மெக்கானிக். விடுமுறை நாட்களில் இருவரும் வீட்டிலேயே இருப்பதால், அது யாரிடம் இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை.